கழற்றி வைத்த மாலை

வியாழக்கிழமை காலை 11.11. ஜெர்மனியின் கொலோன் நிலையத்தில் நின்ற ரயில் வண்டிக்குள் நான் முதலில் பார்த்தது ஒரு கத்தரிக்கோல். தையல்காரர்கள் துணி வெட்டுவது போன்ற பெரிய கத்தரிக்கோல். அதைப் பிடித்திருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கலாம். கன்னங்களில் பூனை மீசை வரைந்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பூனைகள். ஐவரும் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கழுத்தில் டை இருந்தது. டை கட்டிய ஆளிடம் குடியேற்ற அதிகாரிகள் குறைவாகக் கேள்வி கேட்பார்கள் என்று சென்னையில் யாரோ சொன்னதால் கட்டியது. கறுப்பு நிறம், வந்த காரியத்துக்காக. பூனைப் பெண் ஏதோ கேட்டார். புரியாத மொழிக்கு நான் எப்போதும் செய்வதைச் செய்தேன், சிரித்துத் தலையாட்டினேன். முடிச்சுக்கு நான்கு விரற்கடை கீழே டை துண்டானது. அவர் குனிந்து என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். துண்டை இடுப்புக் கயிற்றில் மற்றத் துண்டுகளோடு செருகிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

எதிரே இருந்த முதியவர் ஆங்கிலத்தில் விளக்கினார். கார்னிவல் தொடங்குகிறது. இன்று பெண்களின் நாள். பதினொன்று பதினொன்றுக்கு மேல் டையோடு அகப்படும் ஆணுக்கு இதுதான் கதி. "கட்டுவதாக இருந்தால் பழைய டையாகக் கட்ட வேண்டும்" என்றார். பிறகு, எங்கே போகிறேன் என்று கேட்டார்.

"ஹம்."

"ஹம்மில் பார்க்க என்ன இருக்கிறது?"

"என் தம்பியின் சாம்பலை வாங்கப் போகிறேன்."

அதற்குப் பிறகு அவர் இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைவழியில் ஒருவர், குளிர்கோட்டுக்கு மேல் புல் பாவாடையும் பிளாஸ்டிக் பூமாலையும் போட்டுக்கொண்டு பீர் குடித்துக்கொண்டிருந்தார். ஹவாய்க்காரர் வேஷம். வேறு நாளாக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். ஹம்மில் எனக்காகக் காத்திருந்த பெண் ஹவாய்க்காரர். அப்படி ஒருவர் இருப்பது எனக்குத் தெரிந்தே மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

ஹாகன் என்ற ஊரில் வண்டி நின்றது. அறிவிப்பு வந்ததும் எல்லோரும் எழுந்து இறங்கினார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. வண்டி இதற்கு மேல் போகாதாம். நம் ஊரில் ரயில் ஆறு மணி நேரம் தாமதமாகும், ஆனால் போய்ச் சேரும். இங்கே நிமிடம் தவறாமல் பாதி வழிக்கு வந்து, அங்கேயே பயணத்தை முடித்துக்கொள்கிறது. ஒன்றேமுக்கால் மணி நேரம் நடைமேடையில் நின்றேன். ஜாம் வைத்த பன் ஒன்று வாங்கித் தின்றேன். வாயெல்லாம் சர்க்கரைப் பொடி. துடைக்க டையைத் தேடினேன், அது போதவில்லை.

சேகர் என்னைவிட ஆறு வயது இளையவன். கணினி வேலைக்காக பிராங்பேர்ட் போனவன். அங்கேதான் இருக்கிறான் என்று நானும், கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவனும் அப்படித்தான் சொன்னான். அவன் இறந்த செய்தி ஒரு பெண் குரலில், இலங்கைத் தமிழில் வந்தது: "நான் வதனா. ஹம்மில இருந்து கதைக்கிறன். சேகர் அண்ணையின்ர அண்ணையோ?" குளியலறையில் விழுந்திருக்கிறான். மாரடைப்பு. ஆறு வருடமாக அவன் ஹம்மில் இருந்திருக்கிறான், மாலியா என்ற பெண்ணோடு. நாற்பது வருடம் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்து மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்தவன் நான். தம்பியின் ஊர்ப் பெயர் தவறாக இருந்ததைப் பார்க்கவில்லை.

ஹம் நிலையத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். குள்ளமாக, பெரிய குடையோடு நின்றவர் வதனா. யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவர் முதலில் பார்த்ததும் என் கழுத்தைத்தான்.

"ஐயோ அண்ணை, வெட்டிப்போட்டினமோ? நானெல்லோ சொல்லியிருக்க வேணும். இண்டைக்கு ஒருத்தரும் டை கட்டிக்கொண்டு வெளிக்கிடமாட்டினம்."

"பரவாயில்லம்மா."

"அம்மா எண்டு கூப்பிடாதேங்கோ, எனக்கு இன்னும் பென்ஷன் வரேல்லை. வதனா எண்டால் காணும்."

மற்றவர் மாலியா. உயரம், அகலமான தோள்கள், ஐம்பத்து நான்கு வயது. நரைத்த முடியை ஒற்றைச் சடையாகப் பின்னி இடுப்புவரை விட்டிருந்தார். அமெரிக்கச் சிப்பாய் ஒருவரின் மனைவியாக இந்த நாட்டுக்கு வந்தவர். சிப்பாய் திரும்பிப் போனார், இவர் போகவில்லை. வதனா வேலை பார்க்கும் அதே இல்லத்தில் சலவைப் பகுதியில் இருக்கிறார். அறுந்த டையைப் பார்த்தார், சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "அவனுடைய நெற்றி" என்றார் ஆங்கிலத்தில். என் நெற்றியைத்தான் சொன்னார்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை. வாசலில் சேகரின் செருப்பு இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். மேல் அலமாரியில் தகர டப்பாக்களில் பன்றி இறைச்சி, ஒன்பது டப்பா. எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கியதில்லை. மாலியா என் பார்வையைப் பின்தொடர்ந்தார்.

"அவன் எல்லாம் சாப்பிடுவான். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"முப்பத்தொரு நாள் இறைச்சி கூடாது என்று வதனா சொன்னாள். அதனால் தொடவில்லை." சோறும், எள்ளெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோசும் வைத்தார். கையால் அள்ளினால் கட்டியாக வரும், பசை போன்ற சோறு. மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் ஊறுகாயைக் கேட்கவில்லை. அவரே எடுத்து வைத்தார். மாகாளிக் கிழங்கு வேண்டும் என்று சேகர் நச்சரித்தானாம். அது கிழங்கா, சாமி பெயரா என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஈமச்சடங்கு நிறுவனத்தில் டெர்மீன். முன்கூட்டியே நேரம் வாங்காமல் இந்த நாட்டில் சாம்பல்கூடக் கிடைக்காது. சாம்பல் நிற கோட்டு போட்ட, குரலை உயர்த்தாத ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். இந்தப் பக்கம் நாங்கள் மூவர். தாள்களை என் முன்னால் வைத்தார். மாலியாவின் முன்னால் தாள் எதுவும் இல்லை. அவரும் சேகரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளவில்லை; சேகர் எதையும் எழுதி வைக்கவும் இல்லை. கையெழுத்து அண்ணனுடையது.

மாலியா ஜெர்மனில் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். வதனா என் காதில் மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் தனக்குப் பிரிச்சுத் தர ஏலுமோ எண்டு கேக்கிறா. ஏலாதாம். தாங்கள் பிரிச்சுக் குடுக்கிறேல்லையாம். ஒரு ஆளுக்கு ஒரு பெட்டிதானாம்."

நான் திங்கட்கிழமை காலை பெட்டியை வாங்கிக்கொள்வதாகத் தாளில் போட்டேன். கையெழுத்தை மட்டும் போடவில்லை.

வெளியே மழை. பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே மாலியா என் பக்கம் திரும்பினார். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்போலப் பேசினார். "ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் ஒரு இடுகாடு இருக்கிறது. பேருந்தில் பன்னிரண்டு நிமிடம். என் காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டேகாலுக்கு நான் அங்கே இருக்க முடியும். அவனை இங்கே விட்டுவிட்டுப் போவீர்களா?"

"அம்மாவைக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்" என்றேன்.

மாலை அம்மாவுக்குப் பேசினேன். "அவனைக் காவிரியிலதான் கரைக்கணும். குளிர்ல விட்டுட்டு வந்துடாதே. கூட்டிண்டு வா" என்றார். கொண்டு வா என்று சொல்லவில்லை. மாலியாவைப் பற்றி நான் சொல்லவில்லை. பத்திரிகைப் பக்கத்தில் இடம் போதாததை வெட்டுவது என் தொழில்.

வதனாவின் வீட்டில்தான் தங்கியிருந்தேன். இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மாலை கட்டிக் கொடுப்பது அவருடைய உபதொழில். பட்டறை கீழே நிலவறையில். பூ ஒல்லாந்திலிருந்து வேனில் வருகிறது. இறைச்சிக் கடையில் இருப்பது போன்ற நீளமான குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். முருங்கைக்காய்ப் பொதிகளுக்கும் பச்சை மிளகாய்க்கும் நடுவில் ஒரு கட்டு பச்சை இலை உறைந்து கிடந்தது. ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

"மாலியா வைக்கச் சொன்னவ. நாளைக்கு இஞ்ச வந்து தங்கட ஊர் மாலை செய்யப் போறாவாம். டீ இலை வேணும் எண்டு கேட்டவ. நான் தேயிலையில ஆரும் மாலை கட்டுவினமோ எண்டு கேட்டுப்போட்டன். அதுக்கு முதல் நாள்தான் செத்தவீடு. அண்டைக்கு முதல் தரம் சிரிச்சவ."

டீ என்பது அந்தச் செடிக்கு ஹவாயில் பெயர். நம் ஊரில் வாசல் தொட்டிகளில் வளர்க்கும் அகன்ற இலைச் செடிதான். ஐரோப்பாவில் பூங்கொத்துக்குப் பின்னணியாக வைக்கிறார்கள். ஓர் இரவு உறைய வைத்து எடுத்தால் இலையின் முறுக்கு போய், துணிபோலத் துவளும்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மாலியா வந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு, நிலவறையின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். இலைகளைத் துடைத்து, நடு நரம்பை நகத்தால் கீறி உரித்து எடுத்தார். ஓர் இலைக்கு இரண்டு கீற்று. எனக்கும் ஒரு கட்டு கொடுத்தார். "மூத்தவர் நீங்கள். உங்கள் கையும் பட வேண்டும்." நான் முதலில் கிழித்த நான்கு இலைகளும் குறுக்கே போயின. ஐந்தாவது நேராக வந்தது.

மூன்று கீற்றுகளை முடிச்சுப் போட்டார். பின்னும்போது இழுத்துப் பிடிக்க ஒரு முனை எங்காவது கட்டியிருக்க வேண்டும். மாலியா சாக்ஸைக் கழற்றி, முடிச்சைக் கால் பெருவிரலில் மாட்டினார்.

"நைன், நைன், மாலியா" என்று ஜெர்மனில் தடுத்தார் வதனா. பிறகு என்னிடம், "பூவில கால் படுறதே அண்ணை? நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு நெஞ்சு பதறுது."

மாலியாவுக்கு ஜெர்மனில் விளக்கம் போனது. தன் ஊரில் எல்லோரும் விரலில் மாட்டித்தான் பின்னுவார்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு நொடி தன் காலைப் பார்த்தார். "சரி" என்று சொல்லி முடிச்சைக் கழற்றி, எழுந்து போய்க் கதவின் கைப்பிடியில் கட்டினார். சாக்ஸைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மூன்று மணி நேரம் நின்றபடியே பின்னினார்.

முறை எளிது. வலது கீற்று நடுக்கீற்றின் மேல், இடது கீற்று அதன் மேல். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பூக் காம்பை வைத்து, அடுத்த கீற்றை அதன்மேல் போட வேண்டும். வெள்ளைச் செவ்வந்தி, ஊதா ஆர்க்கிட், ஒரு துண்டு பெரணி இலை, திரும்பவும் செவ்வந்தி. கீற்று முடிவதற்கு ஒரு சாண் முன்பே புதியதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இறுக்கினால் காம்பு ஒடிகிறது. தளர்த்தினால் பூ நழுவுகிறது.

"சடை பின்னத் தெரியுமோ அண்ணை?"

"எனக்கு ரெண்டும் பையங்க."

"அப்ப கஷ்டம்தான்."

நான் பின்னிய பகுதி எட்டு அங்குலம். எந்தப் பகுதி என்று சொல்லாமலே தெரியும். மாலியா அதைப் பிரிக்கவில்லை. அதன்மேல் கையால் ஒருமுறை தடவிவிட்டு, மேலே பின்னிக்கொண்டு போனார். வதனா ஊசியில் நூல் கோத்துக்கொண்டு வந்து, நழுவும் இடங்களில் இரண்டு தையல் போடட்டுமா என்று கேட்டார். மாலியா வேண்டாம் என்று தலையசைத்தார். நூல் கூடாது. மாலை கடைசியில் மண்ணுக்கோ தண்ணீருக்கோ போக வேண்டும். நைலான் நூல் மக்காது, மீன் வாயில் சிக்கும். எதுவும் அதை வெளியிலிருந்து கட்டக் கூடாது, தன்னைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு ஹாக்கு என்று பெயராம். பாட்டு இயற்றுவதற்கும் அதே சொல்தானாம். தமிழில் பூவையும் தொடுப்போம், பாவையும் தொடுப்போம் என்றேன். பத்திரிகையில் பெரும்பாலும் வழக்குத்தான் தொடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மாலியா அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சேகர் தனக்கு மூன்று தமிழ்ச் சொற்கள்தான் கற்றுக்கொடுத்தான் என்றார்: சோறு, போதும், வா.

பன்னிரண்டரைக்கு இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பின்னி மூடினார். ஈரத் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. செய்தி எழுத வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் முதல் கேள்வி, யார். மாலை என்றால் படத்துக்கு அல்லது சாம்பல் பெட்டிக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, மாலியாவின் வீடு. சேகரின் படத்தை மேசையில் வைத்திருந்தார்கள். வதனா ஒரு சிறு விளக்கு கொண்டுவந்திருந்தார். இல்லத்திலிருந்து இரண்டு ஜெர்மன் பெண்கள் கேக்கோடு வந்திருந்தார்கள். கீழ்வீட்டு முதியவர் ஒருவர், சேகர் தன் கணினியை எத்தனை முறை சரிசெய்து கொடுத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு முறை. நான் மாலியாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் தயார் செய்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று தொடங்கும் வாக்கியம்.

மாலியா உள்ளே போய் மாலையை எடுத்து வந்தார். தலைமுடியை விரித்து விட்டிருந்தார். நான் படத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். அவர் படத்தின் பக்கம் போகவில்லை. என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் மாலையைத் தூக்கி என் கழுத்தில் போட்டார். என் கன்னத்தில் கன்னத்தை வைத்தார். மாலை ஈரமாக, கனமாக இருந்தது.

நான் உடனே கழற்றினேன். மூன்று நொடிகூட ஆகியிருக்காது. கழற்றி, படத்துக்குப் பக்கத்தில் மேசையில் வைத்துவிட்டு, அவரைக் கும்பிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மேடையேறிய எவரும் செய்வது அதுதான். மாலை விழுந்த கையோடு கழற்றிப் பக்கத்தில் வைப்பார்கள். அதுதான் அடக்கம். கழுத்திலேயே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மணமகனும் சாமியும், பிறகு பிணமும்தான். இறந்தவனுக்கென்று நான் நினைத்திருந்த மாலை என் கழுத்தில் விழுந்தது. தம்பியோடு வாழ்ந்த பெண், நாலு பேர் பார்க்க ஓர் ஆணுக்கு மாலை போட்டார். இவ்வளவையும் நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

மாலியா என் கும்பிட்ட கைகளைப் பார்த்தார். மேசையில் கிடந்த மாலையைப் பார்த்தார். கேக் வெட்டவேண்டும் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். கேக் இங்கே மேசையில் இருந்தது.

வதனா என் சட்டைக் கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்தார். "என்ன அண்ணை செய்து வைச்சியள்? தங்கட ஊரில போட்டவ நிக்கேக்கை கழட்டினால், நீ எனக்கு வேண்டாம் எண்டு முகத்தில அடிக்கிற மாதிரி. எனக்கு முந்திச் சொன்னவ."

"அவங்களுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாதே. படத்துக்குன்னு நெனச்சேன்."

"படத்துக்கில்லை. பயணம் போறவைக்குப் போடுறதாம். நேற்று வீட்டை போகேக்கை சொன்னவ. நீங்கள் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்ல முதல், தானே விடப் போறாவாம். அண்ணை கொண்டு போகட்டும், இந்த மாலையும் அவரோட தண்ணியில போகட்டும் எண்டவ." குரலைத் தாழ்த்தினார். "அதைத்தான் நீங்கள் மேசையில வைச்சனீங்கள்."

சமையலறையில் மாலியா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் சொன்னேன்: எங்கள் ஊரில் உயிரோடிருக்கும் மனிதன் மாலையைக் கழற்றிவிட வேண்டும், அதுதான் மரியாதை. அவர் முழுவதும் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. அவன் சொன்னதில்லை" என்றார்.

"இன்னொரு முறை போடுங்கள்."

"அது ஒருமுறைதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கொண்டு போங்கள். அவனையும் அதையும். குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்."

ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக இருந்த பதிலை நான் சொல்லவே இல்லை. தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்குக் கையெழுத்துப் போட்டேன். பெட்டி சதுரமாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மாலியா வரவில்லை. காலை ஷிஃப்ட் மாற்றித் தரவில்லை என்று வதனா சொன்னார். மாலியா கேட்டாரா என்பது தெரியாது. வதனாவின் காரில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாலை அட்டைப் பெட்டியில் பின் இருக்கையில் இருந்தது. மஞ்சள் விளக்கு சிவப்பாகி வண்டி நின்றது.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கட ஆத்தில இப்ப தண்ணி இருக்கோ?"

"இருக்காது. ஜனவரி கடைசில அணையை மூடிடுவாங்க. ஜூன்லதான் திறப்பாங்க."

"அதுமட்டும் எங்கை வைப்பியள்?"

"வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது. சுடுகாட்டு ஆபீஸ்ல அலமாரி இருக்கு."

"அப்ப ஏன் அண்ணை இவ்வளவு அவசரம்?"

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். வதனா வண்டியை எடுத்தார். நடைமேடையில் நான் மாலையை எடுத்து நானே கழுத்தில் போட்டுக்கொண்டேன். நான் பின்னிய எட்டு அங்குலத்தில் இரண்டு செவ்வந்தி உதிர்ந்திருந்தது. வதனா பார்த்தார். "அவவுக்குச் சொல்லுறன்" என்றார்.

கார்னிவலின் பெரிய ஊர்வலம் அன்றுதான். கொலோனில் வண்டிக்குள் கோமாளிகளும் கன்னியாஸ்திரிகளும் தேனீக்களும் ஏறினார்கள். மாலையோடு உட்கார்ந்திருந்தவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு எதிரில் வந்து விழுந்த இளைஞன் கழுத்தில் நான்கு பிளாஸ்டிக் பூமாலைகள். என் மாலையைத் தொட்டுப் பார்த்தான்.

"உண்மையான பூவா?" ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஆமாம்."

"நல்ல வேஷம்" என்று கட்டைவிரலை உயர்த்தினான். தன் மாலைகளில் ஒன்றைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். இந்த முறை நான் கழற்றவில்லை. அவன் இறங்கும்வரை இரண்டையும் போட்டிருந்தேன். வண்டி நகர்ந்ததும் பிளாஸ்டிக் மாலையை எடுத்து இருக்கையில் வைத்தேன்.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை. பெட்டிக்கான தாள்களை ஓர் அதிகாரி இரண்டு முறை படித்தார். தலையைக் குனிந்து, ஏதோ ஆறுதல் சொன்னார். பிறகு என் கழுத்தைக் காட்டினார். பூதான் என்றேன். கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றித் தட்டில் வைக்க வேண்டும் என்றார்.

மாலையைக் கழற்றி, தட்டில் தம்பியின் பெட்டிமேல் வைத்தேன். அவர் மாலையை இரண்டு கையாலும் தூக்கி, வேறு தட்டில் வைத்தார். சாம்பல் பெட்டி தனித் தட்டில்தான் போக வேண்டும்.